விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

அந்தப் பேராலயத்தின் கொத்தனாருக்கு அதன் ஒவ்வொரு சுவரின் வயதும் அத்துப்படி. தடித்த தூண்களும் அரைவட்ட வளைவுகளும் ஆயிரம் ஆண்டுப் பழமை. மணிக்கோபுரம் பல தலைமுறைக்குப் பின் வந்தது. அதைக் கட்டியவர்களுக்கு உயரத்தில் இருந்த ஆசை அடித்தளத்தில் இல்லை. தனியே அஸ்திவாரம் தோண்டாமல், பழைய வடக்குச் சுவரின் தலையிலேயே பாரத்தை ஏற்றிவிட்டார்கள். அதுவும் இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, இப்போது பிளக்கத் தொடங்கியிருந்தது.

பொறியாளர் ஒருவர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். உடனே மணியை நிறுத்திக் கோயிலைப் பூட்டவேண்டும். அன்றாடம் பார்த்துச் சொல்வது கொத்தனாரின் பொறுப்பாயிற்று.

மணியடிப்பவர் அவருடைய தங்கை கணவர். கோபுரத்தின் அடி அறையில்தான் குடும்பத்தோடு குடியிருந்தார். மணி நின்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

மணிக்காரரின் மகளுக்குத் திருமணம் என்றிருந்த நாளுக்கு முந்தைய காலையில், கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

“புறா ஏதாவது மோதியிருக்கும் மச்சான்,” என்றார் மணிக்காரர்.

“புறா மோதினா சில்லு கீழ விழும் மாப்ளே. இது ஒட்டின இடத்துலயே கீறியிருக்கு.”

“ஆயிரம் வருஷமா நிக்கிற சுவரு, நாளைக்கு ஒருநாள் நிக்காதா? கல்யாணம் முடிஞ்சதும் நானே போய்ச் சொல்றேன். இன்னிக்கு உங்க தங்கச்சியத் தெருவுல நிறுத்திடாதீங்க.”

“இந்தப் பேச்ச அந்தச் சுவருகிட்டப் பேசு. அதுவாவது இரக்கப்பட்டு நிக்கும்,” என்று சிரித்தார் கொத்தனார். சிரித்துவிட்ட பிறகு மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. உடைந்த சில்லைப் பெயர்த்துவிட்டுப் புதிய சில்லை ஒட்டினார். தேர்ந்த கை, வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் திருமணத்துக்கான முதல் மணி ஒலித்துக்கொண்டிருந்தபோதே கோபுரம் சரிந்தது. விருந்தினர் எவரும் உள்ளே வந்திருக்கவில்லை; தங்கையும் மணப்பெண்ணும் வெளியே வாசலில் நின்றிருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர் மட்டும் கல்லுக்கடியில் போனார்.

பொறியாளர் இடிபாட்டருகே வந்து, கண்ணாடி முன்பே உடைந்திருந்ததா என்று கேட்டார். கொத்தனார் வாயெடுக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள்.

“யாரப் பாத்து கேக்குறீங்க சார்? கூடப் பொறந்தவ அங்க குடியிருக்கேன். உடைஞ்சிருந்தா எங்கண்ணன் மணியத் தொட விட்டிருப்பாரா?”

மணக்கோலம் கலையாத மகள் மாமாவின் கையை இறுகப் பற்றியிருந்தாள். பொறியாளர் மேற்கொண்டு கேட்கவில்லை. கொத்தனாரும் சொல்லவில்லை.

தங்கை அன்றே அவர் வீட்டுக்குக் குடிவந்தாள். அவர் கண்மூடும்வரை, தான் உண்ணுமுன் அண்ணனுக்கு இலை போட்டவள் அவள்தான்.