அப்பா இன்னைக்கு என்ன சட்டை?

எல்கேஜி மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாப்பாவுக்குக் கவனமே இல்லீங்க. படத்தைக் காட்டி மூடினா, அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல." எனக்குச் சுருக்கென்றது. நாலு வயசுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

என் பயம் வேறு. அவளுடைய அப்பா போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் போய் மாசக்கணக்காகிவிட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டவள் செல்போனோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். பார்த்த படத்தையே மறக்கிற பிள்ளை, அப்பா முகத்தையும் மறந்துவிட்டால் என்ன செய்வேன்?

அதனால் அவர் சாயந்திரம் வீடியோ காலில் வருவதையே விளையாட்டாக்கினேன். பேசி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பேன். அப்பா என்ன கலர் சட்டை? அவருக்குப் பின்னால் என்ன இருந்தது? முதலில் திருதிருவென்று முழித்தாள். தப்பாகச் சொன்னாலும் நான் திட்டவில்லை. என் சுபாவத்துக்கு அதுவே பெரிய காரியம். போகப்போக, கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள். பச்சைச் சட்டை. கொடியில் துண்டு. தாடி வளர்ந்திருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் சொன்னாள்: "முன்னெல்லாம் அப்பா டாட்டா காட்டுவாரு. இப்பல்லாம் அந்தக் கையவே காட்டறதில்லீங்ம்மா."

உடனே திரும்பக் கூப்பிட்டேன். "ஏனுங்க, அந்தக் கையைக் காட்டுங்க" என்றேன். டவர் இல்லை, அது இது என்று மழுப்பினார். அதட்டினேன். கட்டுப் போட்ட கை மெதுவாகத் திரைக்குள் வந்தது.

"பைப் மாட்டறப்ப சிக்கிக்கிச்சு. ரெண்டு வெரலு போயிருச்சு. நீ பயந்துக்குவீன்னுதான் சொல்லல."

தினமும் அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் பிள்ளை நிற்கிறது என்பதே நினைவில் இல்லை.

மறுநாள் பேசி முடித்ததும், பிள்ளை பழையபடி ஆகட்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "அப்பா இன்னைக்கு என்ன சட்டை, சாமி?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் பாக்கலீங்ம்மா" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லாவற்றையும் கவனித்துச் சொல்கிறாளாம். மிஸ்ஸுக்கு ரொம்பச் சந்தோஷம். நான் கேட்டால் மட்டும் அதே பதில்தான்.