ரயிலிலிருந்து தெரிந்த விளக்கு

கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பொருளாதாரம் படித்தவன் நான். எண்ணில் வராத எதையும் நம்பாத திமிர் பிடித்தவன். ஆனாலும் இது நடந்தது. 1991, செப்டம்பர் 12, வியாழக்கிழமை.

ஆவடி வட்டாரத்தில் வீட்டு விலைக்கும் கரண்ட் செலவுக்கும் என்ன தொடர்பு என்று ஓர் ஆய்வு. வீடு வீடாகப் போய், மீட்டர் அருகே தொங்கும் வெள்ளை அட்டையைப் பார்த்து யூனிட்டைக் குறிப்பது என் வேலை. வீட்டின் விலையை, அக்கம்பக்கத்து விலையை வைத்து நாங்களே கணக்குப் போட்டு எழுதுவோம்.

சேக்காட்டில் ரயில் பாதையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. இரண்டு முறை போனேன், பூட்டு. மூன்றாவது முறை போனபோது மாலை 6.40. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. அந்த வாசலில் மட்டும் ஒரு பல்பு எரிந்தது. வேறு லைன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா கதவைத் திறந்தார். விலை, கரண்ட் ஆய்வு என்று வந்த விஷயத்தைச் சொன்னேன். பெயர் ஞானசௌந்தரி என்றார். அட்டையை நீட்டினார். கடைசி ரீடிங், 1987 மார்ச்.

"நாலு வருஷமா யாரும் எழுத வரலியா?"

"யாருமே வர்றதில்ல சார்."

மேலே பார்த்தேன். பல்பு எரிகிறது... மீட்டர் சக்கரம் சுற்றவில்லை.

6.52. தடதடவென்று ரயில் போனது. அவர் வாசலையே பார்த்தார்.

"ஊட்டுக்காரரு கோச்சிக்கினு போயிட்டாரு. ரயில்லேர்ந்து பாத்தா இந்த லைட்டு தெரியும். ஒரு நாள் எறங்கிடுவாரு."

பிறகு மெல்லச் சொன்னார். "வெலை மட்டும் எழுதாதீங்க சார். வித்துடுவாங்க. அப்புறம் அவரு எங்க வருவாரு?"

சரிம்மா என்று தலையாட்டினேன்.

தெருவில் இறங்கித் திரும்பினேன்...

இருட்டு.

கதவில் பூட்டு.

மறுநாள் காலை 8.15க்கு மறுபடி போனேன். எதிர்வீட்டுப் பொன்னம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞானசௌந்தரியா? எம்பத்தேழுலயே செத்துப்பூட்டாளேப்பா. அப்பவே கரண்ட் ஆபீஸ்காரங்க பீஸ் கட்டையப் புடுங்கிகினு பூட்டாங்க."

அங்கே நின்றிருந்த ஒருவர் என் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தார். கிறிஸ்துராஜ், அந்த அம்மாவின் கணவருக்கு அண்ணன்.

"இந்த ஊடு இன்னா வெலைக்குப் போவும் சார்?"

பயமோ, கணக்குத் தெரிந்த கர்வமோ... "தொண்ணூறாயிரம்" என்று சொல்லித் தொலைத்தேன். நவம்பரில் வீடு கைமாறியது. வாங்கியவர் உடனே இடித்துவிட்டார்.

ஜனவரியில் அந்தப் பக்கம் போனபோது டீக்கடை ஷவுகத் அலி சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் டேவிட் என்று ஒருவர் பையோடு வந்தாராம். அந்தத் தெருவில் மேலும் கீழும் நாலு தடவை நடந்தாராம்.

"அக்டோபர்லகூட ரயில்லேர்ந்து பாத்தேன் பாய், வாசல்ல லைட்டு எரிஞ்சிகினு இருந்துச்சு. எறங்க தைரியம் வரல. இப்ப எங்க என் ஊடு?"

பாய் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வண்டியிலேயே அந்த மனுஷன் போய்விட்டாராம்.

என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் தலையாட்டியவன் நான்தான்.