காங்கேசன்துறையில் கப்பல் நிற்கும் ஒன்பது மணித்தியாலம்

கப்பலில் வருபவர்களுக்கு ஊர் காட்டுகிற தொழிலுக்குச் சரித்திரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணத் தெரிய வேண்டும். காலையில் முப்பத்திரண்டு பேரை ஏற்றினால் பின்னேரமும் முப்பத்திரண்டு பேரைத்தான் இறக்க வேண்டும். இடையில் எந்த அரசன் எந்த மதிலைக் கட்டினான் என்று நான் சொல்வதை ஒருவரும் சரிபார்ப்பதில்லை.

நான் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபது வருசம் ஆங்கிலம் படிப்பித்தவள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இனிச் சத்தம் போட்டுக் கதைக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதும், கையில் மைக் தருகிற வேலை ஒன்றைத் தேடிக்கொண்டேன். இந்தியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற உல்லாசக் கப்பல் காலை எட்டு மணிக்குக் காங்கேசன்துறையில் கட்டும், பின்னேரம் ஐந்து மணிக்கு வெளிக்கிடும். அந்த ஒன்பது மணித்தியாலமும் மூன்றாம் நம்பர் பஸ் என் பொறுப்பு. ஓட்டுகிறவர் குருநகர் செல்வம் அண்ணை. ஒரு கலியாண வீட்டுக்கு மச்சான் குடும்பத்தையும் மாமியையும் நாலு பிள்ளைகளையும் ஒரே வானில் ஏற்றிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், என் பாடு என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

கப்பல்காரரும் வள்ளமும்

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் வந்திருந்தார். காங்கேசன்துறையில் ஏறியதிலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறை வரைக்கும் கப்பல் புராணம்தான். பதினொரு மாடியாம், மேலே நீச்சல் குளமாம், நடுக்கடலில் நின்றுகொண்டு மசால் தோசை சாப்பிட்டாராம். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற வள்ளத்தைக் கண்டதும் மனுசன் கதையை நிறுத்திவிட்டார். அது ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் சரிந்து, இறங்குதுறையில் முட்டி முட்டி நின்றது. தனக்கு வயிறு சரியில்லை என்றார். கோயிலைக் கரையிலிருந்தே கும்பிடலாம்தானே என்றும் கேட்டார். மகள் அதற்குள் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வள்ளத்தின் முன்பக்கத்தில் போய் இருந்துவிட்டாள்.

தண்ணீர் இன்றைக்கு அமைதி என்று நான் சொன்னேன். தினமும் பள்ளிப் பிள்ளைகள் போய்வருகிற பாதை என்றும் சொன்னேன். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "வர்றீங்களா, இல்லையா?" என்று கேட்டார். எதற்கும் அவர் அசையவில்லை. கடைசியில் வாயில் பீடியோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வள்ளக்காரர் சொன்ன ஒரு வசனத்துக்குத்தான் அவர் எழும்பி வந்து ஏறினார்: "ஐயா, உங்கடை கப்பல் கவிண்டா நீந்தித்தான் கரைக்கு வரவேணும், என்ரை வள்ளம் கவிண்டா நடந்தே வரலாம், இடுப்பளவு தண்ணிதான்."

பத்து நிமிசம்

கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மதிலுக்கு அங்கால் கடல் உப்பாக அடிக்கும், இங்கால் ஊற்று நன்னீராகக் கிடக்கும். அரை மணித்தியாலம் குளிக்க விட்டுவிட்டு எண்ணினால் முப்பத்தொரு பேர். காணாமல் போனது மதுரைப் பெண் ஒருவர். காலையிலிருந்தே அவரைக் கவனித்திருந்தேன். மடியில் கைக்குழந்தை, காலடியில் மூன்று பை. மூத்த பிள்ளைகள் இரண்டும் மாமியாரும் மாமனாரும் கணவரும் மாறி மாறி அவரிடம்தான் பிஸ்கட், மருந்துக் குளிசை, தண்ணீர், கைக்குட்டை கேட்டார்கள். கணவர் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மேடம், என் வைஃப் உள்ள இருக்காளான்னு கொஞ்சம் பாருங்களேன்," என்றார்.

உள்ளே போனேன். கேணியில் வேறொருவரும் இல்லை. அவர் மட்டும் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். தலைமயிர் தண்ணீரில் பரந்து கிடந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலைக் காட்டினார். "பத்து நிமிஷம் மேடம். கப்பல்லயும் ஒரே ரூம்ல ஏழு பேரு." பொய் சொன்ன பிள்ளைகளை இருபது வருசமாகப் பிடித்துத் தண்டித்தவள் நான். அன்றைக்கு வெளியே வந்து, "தலை உணத்திக்கொண்டு நிக்கிறா," என்று கூசாமல் சொன்னேன்.

பத்து நிமிசம் இருபதாகியது. அந்த இருபது நிமிசத்தில் கணவர் குழந்தையை நித்திரையாக்கினார். பெரிய பிள்ளை தன் சப்பாத்து நூலைத் தானே கட்டியது. மாமியார் பையைத் திறந்து பிஸ்கட்டைத் தானே கண்டுபிடித்தார். செல்வம் அண்ணை ஒருமுறை ஹோன் அடித்தார். நான் கையைக் காட்டியதும் ஏனென்று கேட்காமல் நிறுத்திவிட்டார். ஈரத் தலையோடு வந்த அந்தப் பெண், பஸ்ஸில் ஏறும்போது என் காதுக்குள் சொன்னார்: "கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல என்னைக் காணோம்னு இவங்க தேடினது இன்னைக்குத்தான் மேடம், ரொம்ப தேங்க்ஸ்."

ஆறுதலா இறங்குங்கோ

எங்கள் ஊரில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம். ஆறுதலாச் சாப்பிடுவோம், ஆறுதலாப் போவோம், வேலை முடிந்தால் ஆறுதலா இருந்து கதைப்போம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல்லைத் துக்க வீட்டில்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய்ப்பழக்கம் விடாது.

யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர் பஸ் படியில் தயங்கி நின்றார். மகளும் மருமகனும் முன்னே போய்விட்டார்கள். நான் கையை நீட்டி, "ஐயா, ஆறுதலா இறங்குங்கோ," என்றேன். அவர் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. "என் பொண்ணு உங்ககிட்ட சொல்லிட்டாளா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். கப்பலில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டது அவருடைய மனைவியாம். இரண்டு பேருக்கும் இடம் பதிந்த பிறகு, நாலு மாதத்துக்கு முன் அந்த அம்மா போய்விட்டார். அப்பா தனியே வீட்டில் கிடக்கக்கூடாது என்று மகள்தான் இழுத்துக்கொண்டு வந்தாளாம்.

நான் வெட்கப்பட்டு, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற அர்த்தத்தைச் சொன்னேன். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு நல்லூரிலும் கடற்கரையிலும், பஸ் நின்ற இடமெல்லாம், எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து கடைசி ஆளாக வந்தார். நானும் ஒவ்வொரு தரமும் கையை நீட்டிச் சொன்னேன். துறைமுகத்தில் கடைசிப் படியில் நின்றுகொண்டு அவரே கேட்டார்: "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா, கப்பல்ல இத யாரும் சொல்ல மாட்டாங்க."

அழட்டோ?

இன்னொரு கப்பலில் வசந்தி வந்தார். சண்டைக்குள் ஏழு வயதில் தாயோடு படகேறி இந்தியாவுக்குப் போனவர். அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் செய்து, இப்போது திருச்சியில் இருக்கிறார். அம்மா பிறந்த ஊரை அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று அவருடைய மகனும் மகளும் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தபடியால், சுன்னாகம் சந்தையடியில் பத்து நிமிசம் நிற்பாட்டினோம். பிள்ளைகள் இரண்டும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடின. வசந்தி என் கையைப் பிடித்தார். அதுவரை இந்தியத் தமிழில் கதைத்தவர், என்னோடு மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு இறங்கினார். "அக்கா, எனக்கு ஒண்டுமே ஞாபகம் இல்லை. உந்தச் சந்தையும் தெரியேல்லை, றோட்டும் தெரியேல்லை. பிள்ளையள் வீடியோ எடுக்கப் பாத்துக்கொண்டு நிக்குதுகள். அழட்டோ?"

"அழ வேண்டாம்," என்றேன். "போய்க் கத்தரிக்காய் விலையைக் கேளுங்கோ." அவர் போய்க் குந்தி இருந்து, ஒவ்வொரு காயாக எடுத்து அமத்திப் பார்த்து, "கிலோ என்ன விலைங்க?" என்றார். வியாபாரம் செய்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அமத்தாதை பிள்ளை! வாங்கிறதெண்டா வாங்கு, இல்லாட்டி வைச்சிட்டுப் போ. உப்பிடி அமத்தினா ஆர் பிறகு வாங்கிறது?" வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து மாம்பழக் கடையைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினார். கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றதும் பையை என் மடியில் வைத்தார். பஸ் வெளிக்கிட்டதும் சொன்னார்: "என்ரை அம்மா ஏசிற மாதிரியே ஏசினா அக்கா, செத்துப் பத்து வருசம், அம்மாவின்ரை குரல் எனக்கு மறந்துபோச்செண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

பட்டியலில் இல்லாத சவாரி

இன்னொரு நாள், பின்னேரம் நாலு மணி. தெல்லிப்பளை தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் பின்சில்லு படாரென்று வெடித்தது. நாலரைக்குக் கப்பலின் ஏணியைத் தூக்கிவிடுவார்கள். மற்ற பஸ்கள் முன்னே போய்விட்டன. செல்வம் அண்ணை பின்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "மாத்துச் சில்லு இருக்குது தங்கச்சி. ஜாக்கைத்தான் வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்," என்றார். பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் அது கேட்டுவிட்டது. ஒரு அம்மா, பாஸ்போர்ட் எல்லாம் கப்பலில் இருக்கிறது என்று அழத் தொடங்கினார். ஒருவர் என்னைப் பார்த்து, நடந்து போகலாமா, நீந்தவும் வேண்டுமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்ன பிழை நடந்தாலும் பிள்ளைகள் வீட்டுக்காவது போய்விடுவார்கள். இவர்களின் வீடு ஐந்து மணிக்கு வெளிக்கிட்டுப் போய்விடும்.

அப்போது சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தை விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டிராக்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் தோட்டம் செய்கிற ஒரு கமக்காரர், பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் வெறும் பெட்டி, அடியில் வெங்காயச் சருகும் வெறுஞ் சாக்குகளும். நான் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் மனைவி கீழே குதித்துப் பின் தட்டியைத் திறந்துவிட்டார். "ஏத்துங்கோ, ஏத்துங்கோ. வயசு போனாக்களைச் சாக்குக்கு மேலை இருத்துங்கோ." முப்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்றுக்குச் சருகு பறந்து எல்லோர் தலையிலும் ஒட்டியது. முதல் வளைவில் பிள்ளைகள் கூவத் தொடங்கினார்கள், இரண்டாவது வளைவில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அழுத அம்மா பாட்டுப் பாடினார். நாலு இருபத்தைந்துக்குத் துறைமுக வாசல். காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கத் தோன்றாமல் படலையைத் திறந்துவிட்டார்.

ஆட்களை ஏற்றிவிட்டு ஓடி வந்து பார்த்தேன், டிராக்டர் போய்விட்டது. அடுத்த நாள் நானும் செல்வம் அண்ணையும் விசாரித்து விசாரித்து அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். நன்றி சொல்ல வாய் திறக்க முன்னரே அந்த அக்கா தேத்தண்ணியை நீட்டி, "எல்லாரும் ஏறிட்டினமோ? எனக்கு இரவு முழுக்க அதே யோசனை," என்றார். அந்த இரண்டு பேரையும் இன்றைக்கும் என் செபத்தில் நினைக்கிறேன். ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. கப்பலில் பயணிகள் நிரப்பிக் கொடுக்கிற தாளில், மிகவும் பிடித்த இடம் எது என்ற கேள்விக்கு, கோட்டையையும் கேணியையும் கோயிலையும் விட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் டிராக்டர் என்று எழுதியிருந்தார்களாம். அடுத்த கப்பல் வருகிற கிழமை அலுவலகப் பிள்ளை போன் எடுத்தாள்: "அக்கா, சில்லு வெடிக்கிற பஸ் எதெண்டு கேக்கினம், அதிலைதான் தங்களுக்கு இடம் வேணுமாம்."

வந்தவர்கள் யாழ்ப்பாணத்தை எவ்வளவு பார்த்தார்களோ தெரியாது, ஐம்பது வருசமாக இங்கேயே குடியிருக்கிற நான் இந்த ஊரை ஒழுங்காகப் பார்த்தது இவர்கள் புண்ணியத்தில்தான்.