‘நீங்க’ என்று கூப்பிடும் வகுப்பு

மரப்பட்டறையில் அவனுக்கு ‘அரைநூல்’ என்று பெயர். அளவு அரைநூல் பிசகினாலும் பலகையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தங்கை டீச்சரானதும், மிச்சப் படிப்பையெல்லாம் தானே முடித்துவிட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

“என் தங்கச்சி நாலு வயசுப் பிள்ளைங்களைக்கூட நீங்க, வாங்கன்னுதான் கூப்பிடுவா.”

“அப்ப என் பொண்டாட்டியை ஒரு மாசம் அந்தக் கிளாஸ்ல உக்கார வைக்கணும்பா” என்றான் ரம்பம் போடுகிறவன். “சரி, உன்னை எப்படிக் கூப்பிடுது?”

“என்னையா? வாண்ணா, போண்ணாதான். அது உரிமை.”

தங்கை வகுப்பில் குரல் உயர்த்த மாட்டாள். பிள்ளைகளின் சத்தம் ஏற ஏற அவள் குரல் இறங்கும். என்ன சொல்கிறாள் என்று கேட்கவே அவர்கள் அடங்கிப்போவார்கள். ஒரு பிள்ளையிடம் பேசவேண்டுமென்றால் மண்டிபோட்டு, கண்ணுக்கு நேராகப் பேசுவாள்.

அவளுக்குக் கட்டுப்படாதவை இருபத்தாறு நாற்காலிகள்தான். நகர்த்தினால் தரையில் கிறீச்சென்று இழுபடும். ஜன்னலோரம் உட்காரும் சிறுமி ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்திக்கொள்வாள். சேர்ந்து நான்கு மாதமாகியும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வீட்டில் வாய் ஓயாதாம். “பேசும்போது பேசட்டும். அவசரப்படுத்தினா இன்னும் உள்ளே போயிடுவாங்க” என்று காத்திருந்தாள் தங்கை.

“அண்ணா, நாற்காலிக் காலுக்கு ஏதாவது பண்ணிக் குடேன். மூணு மணிக்கு மேல வா, பிள்ளைங்க போனப்புறம்” என்றாள்.

அவன் பதினொரு மணிக்கே போய் நின்றான். சாயங்காலம் வேறு வேலை இருக்கிறது என்று சாக்குச் சொன்னான். உண்மையில், தங்கை பாடம் நடத்துவதை ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட ஆசை.

பின்மூலையில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சமமில்லாத காலை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஜன்னலோரச் சிறுமி. நாற்காலிக் காலின்மேல் விரலை வைத்து, “இது ஏன்…” என்றாள்.

விரலுக்கும் உளிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

“ஏய்! தள்ளிப் போடி!”

ரம்ப மெஷினைத் தாண்டிக் கேட்கவேண்டிய பட்டறைக் குரல் அது. இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். சிறுமி அழவில்லை. வாயை மூடிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

தங்கை அவள் முன்னால் மண்டிபோட்டாள். “பயமுறுத்திட்டோம் உங்களை. மன்னிச்சுக்கோங்க.” பிறகு மூலையைப் பார்த்துத் திரும்பினாள். குரல் இறங்கித்தான் இருந்தது.

“நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.”

யாரையோ சொல்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

மூன்று மணிக்கு, ஒரு நிமிஷம்கூட முந்தாமல், மறுபடி போனான். நூற்றுநான்கு கால்களுக்கும் கம்பளித் துண்டை அளவாக வெட்டி ஒட்டினான். இழுத்துப் பார்த்தான். சத்தமே இல்லை.

“ரொம்ப நல்லாயிருக்குண்ணா. சாப்பிட்டியா?” என்றாள் தங்கை. பழைய ‘நீ’ திரும்பி வந்திருந்தது. அவனுக்குத்தான் ஒட்டவில்லை.

“அந்தப் பொண்ணு அப்புறம் பேசுச்சா?”

“இல்லண்ணா.”

“கையில உளி இருந்துச்சு. வெட்டிடுமோன்னு பதறிட்டேன்.”

“தெரியும்ணா. உளியைக் கீழ வெச்சிருந்தா போதும்.”

வாராவாரம் கேட்டான். வாராவாரம் அதே பதில். வருஷம் முடிந்ததும் சிறுமியின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. கடைசி நாள்வரை அந்த வகுப்பில் அவள் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

இப்போது பட்டறைக்கு யாராவது பிள்ளையோடு வந்தால், அவன் முதலில் உளியைக் கீழே வைக்கிறான். “என்ன வேணும்? கேளுங்க” என்கிறான். “அரைநூல் டீச்சராயிட்டாருடா!” என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இது ஏன் உருண்டையா இருக்கு? இது ஏன் நாலு கால்? இது ஏன் கீழே குறுகிப் போகுது? இழைக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறான். எல்லாவற்றுக்கும் அவனிடம் சரியான பதில் இருக்கிறது. அவள் கேட்கவந்தது எது என்றுதான் தெரியவில்லை.