அக்காள் முகத்துக்கு அரை டிக்கட்

சக்களத்தி மேல் வயிறெரிகிற பெண்கள் எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலும் உண்டு. செத்துப்போனவள் மேல், அதுவும் கூடப்பிறந்த அக்காள் மேல், உட்கார்ந்தால் எழுந்தால் வயிறெரிந்தவள் இலங்கை மலைநாட்டு வட்டகொடைப் பக்கத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பேர் பேச்சியம்மா. குறை சொல்வது சுலபம். அவள் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அக்காள் அம்மாக்கண்ணு, கந்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்றாம் வருசம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. வெளியே பெண் தேடுவானேன் என்று இரண்டு வீட்டாரும் பேசி, தங்கச்சியையே கந்தப்பனுக்குக் கட்டிவைத்தார்கள். முகமும் அச்சு அசல் அக்காள்தான் என்று ஊரே சொல்லிச் சந்தோசப்பட்டது. கந்தப்பனும் நல்ல மனுசன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டுப் பசியோடு வந்து உட்காரும்போது, வாய் தவறி, "அம்மாக்கண்ணு, சோத்தப் போடு" என்பான். சோறு வரும். கூடவே தட்டு 'டொங்'கென்று தரையில் விழுகிற சத்தமும் வரும். அவனுக்குக் காரணம் புரிந்ததா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பாஸ்போட்டைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து ஜனங்களைக் கலைத்துப்போட்ட காலத்தில், கந்தப்பன் இந்தியப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு, இங்கே தங்குவதற்கு விசாவும் வாங்கிக்கொண்டான். பேச்சியம்மாவின் அப்பா இலங்கைப் பிரஜையாக வேண்டும் என்று மனுப் போட்டார். அது தள்ளுபடியாகி, அந்த வீட்டில் இருந்தவர்கள் அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்று ஆனார்கள். அம்மாக்கண்ணு மட்டும் கலியாணத்தோடு புருசன் பாஸ்போட்டில் ஏறிக்கொண்டாள். அதில் ஒரு கட்டத்தில் கந்தப்பன் படம், பக்கத்துக் கட்டத்தில் அவள் படம். பெரிய கட்டம் போட்ட சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, உதட்டோரம் சிரிப்பு. உலகத்தில் அம்மாக்கண்ணுக்கு இருந்த படம் அது ஒன்றுதான்.

விசா புதுப்பிக்கிற சமயத்தில் கந்தப்பன் தகரப்பெட்டியைத் திறந்து அதை எடுப்பான். மற்ற சமயத்திலும் எடுப்பான். மற்ற சமயத்தில் எதற்கு எடுக்கிறான் என்பதுதான் பேச்சியம்மாவின் கேள்வி.

கண்டியில் இந்திய ஆபீசுக்குப் போய் அக்காள் பேரை எடுத்துவிட்டுத் தன் பேரைச் சேர்க்கச் சொல்லி, கட்டிய நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை என்பான். துரை லீவு கொடுக்கமாட்டார் என்பான். அடுத்த மாசம் என்பான். ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு உங்கள இந்தியாவுக்கு, அக்கரைக்குப் போகச் சொன்னா, தலைமன்னார் கப்பலடியில அக்காவைத்தான் கூப்பிடுவாங்க மச்சான். நான் இந்தக் கரையில நின்னு கையக் காட்டணுமா?"

கந்தப்பன் பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

இப்படி இருக்கும்போதுதான், அறுபத்திரண்டாம் வருசம், அட்டனுக்கு ஒரு களியாட்டக் கம்பனி வந்து இறங்கியது. ராட்டினம், சுற்றுகிற குதிரை, மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள், எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. கம்பனி முதலாளிக்குத் தாய்நாட்டு மக்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. இந்த நாட்டில் தங்கியிருக்கும் இந்தியப் பிரஜைகளுக்கு அரை டிக்கட் என்று நோட்டீஸ் அடித்து ஸ்டேசன் சுவரெல்லாம் ஒட்டினார்கள். பாஸ்போட் கையில் இருக்க வேண்டும். விசா காலாவதி ஆகியிருக்கக்கூடாது. மனைவிக்கும் சலுகை உண்டு, ஆனால் பாஸ்போட்டில் படம் இருக்க வேண்டும், படத்தில் உள்ள முகம் நேரில் வர வேண்டும். லயத்தில் பாதிப் பேருக்கு எந்த நாட்டுக் கடதாசியும் கிடையாது. அவர்கள் வயிற்றெரிச்சலில், ராட்டினத்தில் ஏறுகிறவனுக்குத் தலை சுற்றி வாந்தி வரும் என்று சொல்லித் திரிந்தார்கள்.

கந்தப்பன் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். ரெண்டு பேரும் போவோம் என்றான். பேச்சியம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. கட்டின நாள் முதல் கோயில் திருவிழாவைத் தவிர அவன் அவளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. ஆனால் அடுத்த பேச்சிலேயே குளிர்ச்சி போய்விட்டது. பெட்டியின் அடியிலிருந்து அம்மாக்கண்ணின் கட்டம் போட்ட சேலையை எடுத்துக் கொடுத்தான். மூக்குத்தி இரண்டையும் கொடுத்தான். படத்தில் இருக்கிற மாதிரியே நேர்வகிடு எடுத்துக்கொள்ளச் சொன்னான். முகம்தான் ஒரே முகமாச்சே, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று சிரித்தான்.

பேச்சியம்மா கட்டிக்கொண்டாள். ஏன் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால், போகவேண்டும் என்கிற ஆசைதான். ஆசை வந்துவிட்டால் ரோசம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலவாக்கலை வரும்வரை அந்தச் சேலையின் முந்தானையை ஒரு விரலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே வந்தாள். பெட்டிக்குள் கிடந்த சேலை, பாச்சாவுருண்டை வாடை. அக்காளே பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து வருவதுபோல அவளுக்கு இருந்தது.

அட்டனில் டிக்கட் கூண்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். உள்ளே மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், மூக்குக் கண்ணாடியோடு, பாஸ்போட்களை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கந்தப்பன் முறை வந்தது. அவர் படத்தைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அம்மாக்கண்ணு. கந்தப்பன் சம்சாரம். சரியா இருக்கு. மூக்குத்திகூட அப்படியே இருக்கே."

பேச்சியம்மா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அரை டிக்கட்டோடு காரியம் முடிந்திருக்கும். கந்தப்பன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு பார்வை. கண் நிறைய, வாஞ்சையோடு, போனது திரும்பி வந்துவிட்டது போல. கட்டின இத்தனை வருசத்தில் அவளை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள், அது தனக்கென்று வந்திருந்தால். அவள் கூண்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அது நானில்லைங்க" என்றாள், கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி. "அது எங்க அக்கா. செத்துப்போயிட்டா. நான் பேச்சியம்மா."

கந்தப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கூண்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளுக்கென்று பாஸ்போட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். இலங்கைப் பிரஜை என்பதற்கு ஏதாவது? அதுவும் இல்லை. அப்படியானால் முழு டிக்கட்தான் என்றார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கொழுந்து எடுத்துச் சேர்த்த சொந்தக் காசு. அதை நீட்டி, தன் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"முழு டிக்கட்டுக்குப் பேரு வேண்டியதில்லம்மா."

"வேண்டாட்டியும் கேட்டுக்குங்க. பேச்சியம்மா."

அவர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பாஸ்போட்டைக் கந்தப்பனிடம் நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது களியாட்ட வாசலுய்யா, சிரிச்சுட்டு விட்டுட்டோம். நாளைக்குக் கப்பலடியில எவன் சிரிப்பான்? உயிரோட இருக்கிறவளுக்கு வழி பண்ணு."

ராட்டினத்தில் இருவரும் ஒரே தொட்டியில்தான் உட்கார்ந்தார்கள். மேலே போனார்கள், கீழே வந்தார்கள். உச்சியில் நின்றபோது டிக்கோயாப் பக்கத்து மலையெல்லாம் தெரிந்தது. பேச்சியம்மா அதைப் பார்க்கவில்லை. அவன் இப்போதும் அக்காளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். கண்ணை மூடியது பயத்தாலா அக்காள் நினைப்பாலா என்று அதிலும் ஒரு சந்தேகம் வந்தது அவளுக்கு.

கீழே இறங்கியதும் அவன் நேரே படம் பிடிக்கிற கூடாரத்துக்குப் போனான். அரண்மனை எழுதிய திரை, ஒரு முக்காலி, வாலிபர்கள் போட்டு நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு.

"பாஸ்போட்டுக்கு ஒரு படம் எடுங்க. இவளுக்கு" என்றான் கந்தப்பன். பிறகு அவளைப் பார்க்காமல், "அடுத்த கிழமை கண்டிக்குப் போவோம், பேச்சி" என்றான்.

பேச்சி என்று அவன் கூப்பிட்டு அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொள்ள அங்கே தொங்கிய கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் கட்டம் போட்ட சேலை. நேர்வகிடு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. உதட்டோரம் இப்போதுதான் வந்த சிரிப்பு. அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தாள்.

சட்டென்று எழுந்துவிட்டாள். இந்தச் சேலையோடு எடுக்கவேண்டாம் என்றாள். படக்காரருக்கு எரிச்சல். கடைசி நாள், இருட்டினால் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும், வேறு சேலைக்கு எங்கே போவது என்றார். கந்தப்பன் கெஞ்சினான். பேச்சியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். மூக்குத்தி இரண்டையும் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். கொடியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டி, அதன் காலரைத் தூக்கி மடித்து, ஒரு நூல் சேலைகூடத் தெரியாமல் பொத்தான்களைப் போட்டாள். வகிட்டைக் கலைத்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ம். எடுங்க."

கண்டியில் பாஸ்போட் எழுதிய உத்தியோகத்தர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஆம்பிளைக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். எதற்கம்மா கோட்டு என்று கேட்டார். கந்தப்பன் தரையைப் பார்த்தான்.

"எங்க தோட்டத்துல குளிரு ஜாஸ்திங்க" என்றாள் பேச்சியம்மா.