அண்ணன் அடைத்த கடன்

பூண்டியில் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டு விவசாயம். மழையில் பயிர் அழுகிப்போய் வங்கிக் கடனைக் கட்ட முடியவில்லை. மேலாளரிடம் பேசி, மூன்று வருடத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்தோம். பாதி கட்டியிருந்தபோது மன்னவனூரில் இருக்கும் என் அண்ணன் வந்தார்.

"மிச்சத்தை நான் ஒரேயடியா கட்டிடுறேன் மாப்ள. வெரசா முடிச்சுட்டு நிம்மதியா இருங்க" என்று என் கணவரிடம் சொன்னார். சொன்னபடி கட்டினார். முருகனே வந்ததாக நினைத்து விளக்கேற்றினேன். திருப்பித் தர வேண்டுமா என்று கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டோம்.

மறுவருடம் மகள் வயதுக்கு வந்தாள். சடங்கன்று தாய்மாமன் கொண்டுவரும் சேலையைத்தான் பிள்ளை உடுத்த வேண்டும். அண்ணனும் மதினியும் வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள்.

"அக்கா, சீர்த்தட்டைக் காணோமே, வண்டியிலயே கெடக்கா?" என்று என் நாத்தனார் மதினியிடம் கேட்டார்.

"அதான் பேங்குல கட்டியாச்சுல்ல? ஒரு பிள்ளைக்கு எத்தனை தடவைங்க சீர் செய்வாங்க?" என்றார் மதினி. அண்ணனும் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் எடுத்து வைத்திருந்த சேலையை உடுத்திவிடும்போது மகள் அழுதாள்.

இப்போது சொந்தத்தில் யார் உதவ வந்தாலும், கடனா, சீரா என்று நாலு பேர் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன். அண்ணன் கட்டியதையும் கடனாகவே வைத்து, ஒவ்வொரு அறுவடைக்கும் அவருக்குப் பணம் கொடுத்து வருகிறோம். சீர் என்று கணக்கு முடித்தவர், ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.