நான்கு குதிரைகளுக்கு ஒரு வாடகை வீடு

குதிரை பார்க்கிற வேலையில் குதிரையால் வந்த தொல்லை என்று எனக்கு எதுவும் நினைவில்லை. வந்த தொல்லையெல்லாம் அவற்றைக் கட்டிவைக்க இடம் கேட்டுப் போனபோது வந்ததுதான்.

வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது. எத்தனை பேர், தண்ணீர் நிறையச் செலவாகுமா, சத்தம் போடுவார்களா, எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். என்னிடமும் அதையேதான் கேட்டார்கள். உங்கள் பிள்ளைகள் கதவு நிலையைக் கடித்துத் தின்பார்களா என்று மட்டும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் முதலாளி இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரி. மலைநாட்டில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரைகள் நான்கை வாங்கி, நிவித்திகலப் பக்கம் தனக்கிருந்த பங்களாவில் கட்டிவைத்தார். தங்க வருகிறவர்கள் சவாரி போவார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஆட்கள் வருவது குறைந்தது, பங்களாவை விற்றுவிட்டார். வாங்கியவர்களுக்குக் குதிரை வேண்டாம். குதிரைக் கொட்டில் இருக்கிற இடத்தில் நீச்சல் குளம் வேண்டும். “நாலையும் வைத்துக்கொள்ள ஓர் இடம் பார், செலவை நான் தருகிறேன். பங்களாவைக் கையளிப்பதற்குள் கிடைக்காவிட்டால் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்” என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

நாலில் கறுப்பனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வெள்ளைப் பெண்குதிரை வெள்ளச்சியின் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் நடப்பான். அவள் தின்றால் தின்பான், அவள் நின்றால் நிற்பான். அவளைக் குளிப்பாட்டக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனால்கூட நின்ற இடத்தில் உடம்பு நடுங்க நிற்பான். மற்ற இரண்டும், செவலையும் சின்னவனும், எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். கறுப்பனையும் வெள்ளச்சியையும் பிரித்துவிடக் கூடாது. என் கவலை எல்லாம் அதுதான்.

கலவானையில் ஒரு நல்ல மனிதர்

கலவானையில் சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கும், மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடப்படும் சிங்களவர் ஒருவருடைய மாட்டுப்பட்டி சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். காட்டை ஒட்டிய நிலம். பட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் என் இரண்டு காலிலும் அட்டை. குதிரையின் மூக்குக்குள் அட்டை ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஆனாலும் கூரை நன்றாக இருந்தது, பக்கத்தில் ஓடை இருந்தது. போக்கிடம் இல்லாதவன் அட்டையைப் பார்த்தால் முடியுமா?

மாத்தயா கித்துள் பனைக் கருப்பட்டியோடு பால் விடாத பிளேன்டி கொடுத்து, ஒரு குதிரை ஒரு நாளைக்கு எவ்வளவு சாணி போடும் என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். உரம் விற்கிற விலையில் அது தேயிலைக்கு எவ்வளவு நல்லது, வாசனைகூட மாட்டுச் சாணியைப்போல இருக்காது என்றெல்லாம் மூச்சு விடாமல் அளந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “தம்பி, குதிரை நாலும் இப்ப இருக்கிற எடத்திலயே இருக்கட்டும். சாணிய மட்டும் கிழமைக்கு ஒரு லொறி அனுப்புங்க.”

பெல்மதுளையில் புல்வெளி

அடுத்தது பெல்மதுளை. அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், தன் வாப்பா விட்டுப்போன நிலத்தைக் காட்டினார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் புல், நடுவில் தென்னை, ஓரத்தில் ஓட்டுக் கூரை போட்ட பழைய ஸ்டோர். வெள்ளச்சி முன்னால் போக, கறுப்பன் அவள் பின்னால் மேய்ந்துகொண்டு போவதை அங்கேயே மனதில் பார்த்துவிட்டேன். வேகமாக நாலடி வைத்தவனை நானா சட்டையைப் பிடித்து இழுத்தார். என் முன்னால் புல்லுக்குள் உளுத்துப்போன பலகை ஒன்று கிடந்தது, அதற்குக் கீழே இருட்டு. அது மாணிக்கக் கல் எடுத்த பழைய குழி.

இப்படி எத்தனை குழி இருக்கிறது என்று கேட்டேன். வாப்பா காலத்தில் தோண்டிய இடமெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவர் மவுத்தாகிவிட்டார் என்றார் நானா. கண் தெரிகிற எனக்கே இந்தக் கதி என்றால் கறுப்பனுக்கு என்ன ஆகும் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார், மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை: “பயப்படாம கொண்டுவந்து உடுங்க தம்பி. ஒண்டு விழுந்தா அந்த எடத்துல குழி ஈக்கிது எண்டு எங்களுக்கும் தெரிஞ்சிரும்தானே.”

காலி வீடு நாலு

ஒரு றப்பர் தோட்டத்தின் உதவி மேனேஜரான சின்னத் தொரை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசியில் நாலு வீடு காலியாக இருக்கிறது, தலைக்கு ஒன்றாகக் கட்டிக்கொள் என்றார். இவ்வளவு தாராளமாக யாரும் என்னிடம் பேசியதில்லை. கையோடு அரசாங்க மாட்டு டாக்டரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

டாக்டர் உள்ளே போய்க் கூரையைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலைத் தேடினார், இல்லை. சுவரில் விரலை வைத்தார், ஈரம். பக்கத்து வீட்டு அடுப்புப் புகையிலும் இந்த ஈரத்திலும் ஒரு மழைக்காலம் கட்டிவைத்தால் குதிரையின் நெஞ்சு கெட்டுவிடும், படுத்து எழும்பவும் இடம் போதாது, மிருகத்தை வைக்கிற இடமில்லை இது என்று வெளியே வந்து சத்தமாகவே சொன்னார். அடுத்த வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அதே அளவு வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருக்கிறவர். கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நான் ஒதுங்கினேன். அவர் டாக்டரிடம் மிகவும் பணிவாகக் கேட்டார்: “ஐயா, இப்ப சொன்னத அப்பிடியே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? குதிரைக்கே ஆகாதுன்னு காட்டி நாங்களும் ஒரு வீடு கேட்டுப் பாக்குறோம்.”

சாமிக்கு வேண்டிய நிறம்

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கோயில் கமிட்டி ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய முனியாண்டி சாமிக்கு இதுவரை சிமெந்துக் குதிரைதான். உயிரோடு ஒன்று கிடைத்தால் திருவிழாவுக்கு அலங்காரம் பண்ணிச் சாமிக்கு முன்னால் நடத்திப் போகலாம், மற்ற நாளெல்லாம் யாரும் மேலே ஏற மாட்டோம், வேலை வாங்க மாட்டோம், வீட்டுக்கு வீடு தீனி போடுவோம் என்றார்கள். இப்படிப்பட்ட இடத்தை வேறு எங்கே தேடுவது? கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். வெள்ளச்சியைப் பார்த்ததும் கமிட்டித் தலைவர் கை எடுத்துக் கும்பிட்டார். வெள்ளை மட்டும் போதும் என்றார்.

கூட நிற்கிறவனையும் கூட்டிப்போங்கள், இவள் இல்லாமல் அவன் வாயில் புல் வைக்க மாட்டான் என்று கெஞ்சினேன். தலைவர் கறுப்பனின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். அவன் அசையவில்லை. அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான், அதை நான் முகத்தில் பார்த்தேன். “கண்ணு இல்லாத உருப்படிய சாமிக்கு விட்டா குத்தமாயிரும்ங்க. இவன் நல்லா இருக்கணும்னு இவன் பேருல ஒரு அர்ச்சன மட்டும் பண்ணிவிடுறோம்” என்றார்.

முதலாளியின் பக்தி

வேண்டாம் என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். அவர்கள் நேரே இரத்தினபுரிக்குப் போய் முதலாளியைப் பார்த்திருக்கிறார்கள். கல் வியாபாரிக்குக் கடவுள் பயம் கூடுதல். எந்தச் சாமி எந்தக் குழியில் கல்லைக் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளச்சியைத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அதே கிழமை மேற்குக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்குக் குதிரைச் சவாரி நடத்துகிற ஒருவர் லொறியோடு வந்து, பல்லைப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, செவலையையும் சின்னவனையும் ஏற்றிக்கொண்டு போனார். குருட்டுக் குதிரையைக் கடற்கரையில் விட்டால் நேரே தண்ணிக்குள் போய்விடும் என்று சிரித்தார்.

வெள்ளச்சியைக் கோயில்காரர்கள் மாலை போட்டு, மேளம் வைத்துக் கூட்டிப்போனார்கள். மேளச் சத்தத்தில் அவள் காலடி கேட்காமல் கறுப்பன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தான். மேளம் தூரத்தில் அடங்கியதும் கத்த ஆரம்பித்தான். நானும் அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது. முதலாளிக்குப் போன் போட்டு, இவன் செத்துப்போவான் என்று சொன்னேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். “மூணுக்கு எடம் கெடச்சாச்சே செல்வம், இன்னும் ஒண்ணுதானே இருக்கு, நீ ஏன் இப்பிடி மனசு விடுற?” என்றார்.

குதிரைக்கென்றே கட்டிய இடம்

கடைசியில் உண்மையான குதிரை லாயம் ஒன்றையே கண்டுபிடித்தேன். பங்களாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரைமார் காலத்தில் குதிரைக்கென்று கட்டியது. கருங்கல் சுவர், தண்ணீர் வழிந்தோட வாட்டம் வைத்த தரை, சுவரில் கயிறு கட்டுகிற இரும்பு வளையங்கள். ஒரு குறையும் இல்லை, உள்ளே மூன்று குடும்பம் இருக்கிறது என்பதைத் தவிர. நான் கைமுழத்தால் தரையை அளந்ததைப் பார்த்து, புது வீடு கட்டிக் கொடுக்க ஆள் வந்துவிட்டது என்று எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பார்வதி என்கிற கொழுந்து பறிக்கும் பெண் எனக்கு நாற்காலி போட்டாள். குதிரைக்கு இடம் பார்க்க வந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், கறுப்பன் கதை முழுவதையும் சொன்னேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு விறகு அடுக்கியிருந்த கோடியைக் காட்டி, விறகை எடுத்துவிடுகிறோம், அந்த ஒன்றைக் கொண்டுவந்து கட்டுங்கள் என்றாள்.

கொண்டுவந்து கட்டினேன். கறுப்பன் இரண்டு நாள் தவிட்டைத் தொடவில்லை. பார்வதி வேலை விட்டு வந்து அவன் முன்னால் மேலும் கீழும் நடந்தபோதுதான் காதைத் திருப்பி, கொஞ்சம் தின்றான். முன்பு தின்றதில் பாதிகூட இல்லை, விலா எலும்பு தெரிகிறது. போன கிழமை தோட்டத்து ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் வந்தார். இது ஆட்கள் குடியிருக்கிற வீடு, வீட்டுக்குள் குதிரை கட்டக் கூடாது, மாதக் கடைசிக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பார்வதி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் கேட்டாள்: “கூர ஒழுகுது, ஜன்னல் ஒண்ணு வச்சித் தாங்கன்னு ஆபீசுக்கு வந்து கேட்டப்ப, இது குதிர லாயம்தானே, இதுல என்னத்த செய்யச் சொல்றன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? இப்ப குதிர வந்ததும் இது வீடாயிருச்சா?”

இப்போது மறுபடியும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். குதிரைக்கு மட்டும் இடம் கேட்டுத் திரிந்த என்னிடம் இந்தத் தடவை பார்வதி வீட்டு ஆட்களும் தங்களுக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.